பிளானில் இல்லாத ரூமுக்கும் சேர்த்து விலையா?

வீடு விற்பனை விளம்பரத்தில் மூன்று பெட்ரூம். நேரில் போனால் மூன்றும் இருக்கின்றன. ஆனால் அனுமதி வாங்கிய பிளானில் இரண்டுதான்! மூன்றாவது எங்கிருந்து முளைத்தது? பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து, நடுவில் இருந்த சுவரைத் தட்டிவிட்டு, ஒரு கட்டிலை இழுத்துப் போட்டால் பெட்ரூம். கேட்டால், "அது அப்புறமா பண்ணதுங்க, எல்லா வீட்லயும் இருக்கிறதுதானே" என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார்கள். சதுர அடிக் கணக்குப் போடும்போது மட்டும் அந்த ரூமை மறக்கவே மாட்டார்கள்.

இந்த "எல்லா வீட்லயும்" என்ற பேச்சுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தட்டிய சுவர் மேல்தளத்துப் பாரத்தைத் தாங்கிய சுவரா, வெறும் தடுப்புச் சுவரா? எந்த இன்ஜினியர் பார்த்துச் சொன்னார்? "மேஸ்திரி பார்த்தாரு சார், நல்ல அனுபவம்." சரிதான்!

சமீபத்தில் பார்த்த வீட்டில் மாடிப்படி ஏறினேன். எல்லாப் படியும் ஒரே உயரம், கடைசிப் படி மட்டும் இரண்டு விரற்கடை கூடுதல். மாடித் தரையில் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். கால் முதல் இரண்டு மூன்று படியிலேயே உயரத்தைப் பழகிக்கொள்ளும், அப்புறம் யாரும் குனிந்து பார்த்து ஏறுவதில்லை. இருட்டில் இறங்குகிற வயதானவர் என்ன ஆவார்? அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகளில் ஒரே படிக்கட்டின் படிகளுக்குள் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் இருக்கக் கூடாது. பால்கனிக் கம்பிகளுக்கு இடையே 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது, குழந்தை நுழைந்துவிடும் என்பதற்காக. இந்த வீட்டுப் பால்கனியில் என் தலையே நுழையும் போலிருந்தது. "அது டிசைன் சார்" என்றார் புரோக்கர்.

சரி, நடுவில் இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது பிடிக்க மாட்டார்களா? வக்கீல் மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கம் வரை அலசுகிறார். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதோடு அவர் வேலை முடிந்தது. கடன் கொடுக்கிறவர்கள் அனுப்பிய மதிப்பீட்டாளர் வாசலில் நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். புரோக்கருக்குக் கமிஷன். ஒப்பந்தத்தில் மட்டும், பொடி எழுத்தில், "உள்ளது உள்ளபடியே வாங்கச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் அத்தனை பேரும் கையைக் கழுவிவிடுகிறார்கள்.

விதிமீறல் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். கட்டியவன் காசை எண்ணிக்கொண்டு போய்விடுவான், நோட்டீஸ் இப்போது குடியிருப்பவன் கதவில்தான் ஒட்டப்படும். கேரளாவில் மரடு என்ற இடத்தில் 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்தார்களே, நினைவிருக்கிறதா? கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிக் கட்டியவை. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு. மீறியது கட்டியவர்கள், மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது அங்கே வாங்கிக் குடியிருந்த குடும்பங்கள். நஷ்டஈடு என்று ஏதோ வரும்தான், வீடு வருமா?

இதற்கும் ஒரு ரெடிமேட் பதில் வைத்திருக்கிறார்கள்: "ஃபீஸ் கட்டினா ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்." அதாவது, மீறிக் கட்டியதைப் பணம் கட்டிச் சட்டப்படி ஆக்கிக்கொள்ளலாமாம். பக்கத்து மதில் வரை இழுத்துக் கட்டிய சுவரை எந்த ஃபீஸ் கட்டிப் பின்னால் தள்ளுவது? வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை வெளிச்சத்துக்கும் காற்றுக்கும், ஒருவேளை தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்கவும்தான் விடச் சொல்கிறார்கள். பூசி மூடிய சுவருக்குள் ஓடுகிற வயரிங்கைச் சோதிக்க வேண்டுமென்றால் சுவரைத்தான் உடைக்க வேண்டும். யார் காசில்? வாங்கியவன் காசில்!

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "அவ்வளவு சுலபம்னா, பத்திரம் பதியறதுக்கு முன்னாடி நீங்களே ரெகுலரைஸ் பண்ணி, பேப்பரைக் கையில கொடுத்துடுங்களேன்." விற்கிறவர் புரோக்கரைப் பார்த்தார். புரோக்கர் மேலே ஓடாத ஃபேனைப் பார்த்தார். "இப்படியெல்லாம் பார்த்தா நீங்க வீடே வாங்க முடியாது சார்" என்று எனக்கு ஒரு உபதேசம் வேறு.

அதற்கப்புறம் போன் எடுப்பதில்லை. வேறு பார்ட்டி அட்வான்ஸ் கொடுக்க ரெடியாக இருக்கிறார்களாம். எல்லாம் அந்தப் பார்ட்டி தலையில்தான் விடியப்போகிறது.