புது சில்லர் வாங்குவதற்கு முன் ரிட்டர்ன் தண்ணீரைப் பாருங்கள்

கோடை வந்தால் பெரிய மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், ஐ.டி. பார்க்குகள் எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான். "கூலிங் பத்தல, இன்னொரு சில்லர் போட்டே ஆகணும்." தண்ணீரைக் குளிரவைத்துக் கட்டடங்களுக்கு அனுப்பும் ஏ.சி. இயந்திரம்தான் சில்லர். ஏப்ரலில் கோப்பு நகரும், மே மாதம் கொட்டேஷன் வரும், அடுத்த கோடைக்குள் புது இயந்திரம் இறங்கிவிடும். அதற்கடுத்த கோடையிலும் கடைசி பிளாக்கின் மூன்றாவது மாடியிலிருந்து அதே புகார் வரும்.

காரணம் பெரும்பாலும் பிளான்ட் ரூமில் இல்லை, கட்டடங்களுக்குள் இருக்கிறது. போன குளிர்நீர் போதிய சூட்டை வாங்கிக்கொள்ளாமல் பாதிக் குளிராகவே திரும்பி வருகிறது. லோ டெல்டா டி (போகும், திரும்பும் தண்ணீருக்கிடையே வெப்பநிலை வித்தியாசம் குறைவு) என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். கரண்ட் பில்லைப் பற்றிப் பேசும்போது மட்டும் இது அடிபடுகிறது. ஆனால் வளாகத்தின் ஸ்டேண்ட்பையை, அதாவது அவசரத்துக்கு வைத்த உபரி சில்லரை, சத்தமில்லாமல் தின்றுவிடுவதும் இதுவே. என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய ஆபத்து.

கணக்கு எளிது. மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது என்பதை, போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தால் பெருக்கி 3.024-ஆல் வகுத்தால் குளிரூட்டும் அளவு டன்னில் (ஏ.சி. டன், எடை அல்ல) கிடைக்கும். 500 டன் சில்லர்கள் மூன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஓட வேண்டும், ஒன்று ஸ்டேண்ட்பை. தண்ணீர் 7 டிகிரியில் போய் 12.5-இல் திரும்ப வேண்டும் என்பது டிசைன். அப்படியானால் ஒரு சில்லருக்கு மணிக்கு 275 கன மீட்டர், 1000 டன் லோடுக்கு 550. இரண்டு சில்லர் போதும்.

இப்போது தண்ணீர் 11 டிகிரியிலேயே திரும்புகிறது என்று பாருங்கள். வித்தியாசம் வெறும் 4. அதே 1000 டன்னுக்கு 756 கன மீட்டர் தேவை. இரண்டு சில்லர் வழியாக அவ்வளவு தண்ணீர் போகாது. பிரைமரி - செகண்டரி அமைப்பாக (சில்லர்களுக்கு ஒரு பம்ப் செட், கட்டடங்களுக்கு வேறொரு பம்ப் செட், நடுவே பைபாஸ் குழாய்) இருந்தால் மிச்சத் தண்ணீர் பைபாஸ் குழாயில் தலைகீழாக ஓடி, குளிர்நீரோடு கலந்து, சப்ளையையே 8, 8.5 டிகிரிக்கு ஏற்றிவிடும். சப்ளை சூடானதும் ஒவ்வொரு ஏ.எச்.யு. (அறைக்குக் குளிர்காற்று ஊதும் யூனிட்) வால்வும் இன்னும் திறக்கும், இன்னும் தண்ணீர் கேட்கும். ஆபரேட்டர் வேறு வழியில்லாமல் மூன்றாவது சில்லரை ஸ்டார்ட் செய்வார். மூன்றும் மூன்றில் இரண்டு பங்கு லோடில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கான பம்ப், கூலிங் டவர் ஃபேன் எல்லாம் சேர்ந்து ஓடும். வளாகத்துக்குத் தண்ணீர் அனுப்பும் செகண்டரி பம்ப்பில் ஓட்டம் 1.37 மடங்கானால், குழாய்த் தடை அப்படியே இருக்கும் பட்சத்தில், மின்சாரம் ஏறத்தாழ 2.6 மடங்கு.

இந்த நிலையில் மதியம் மூன்று மணிக்கு ஒரு சில்லர் டிரிப் ஆகி நின்றுவிட்டால்? மீதி இரண்டும் டிசைன் ஓட்டத்தில் தருவது 727 டன்தான். காகிதத்தில் ஸ்டேண்ட்பை இருக்கிறது, ஐ.சி.யு.வுக்கு இல்லை. நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்த ஓர் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டும்.

தண்ணீர் ஏன் குளிராகத் திரும்புகிறது? பழைய த்ரீ-வே வால்வுகள்தான் முதலில் கண்ணில் படும். அவை லோடு குறையும்போது குளிர்நீரைக் காயிலுக்குள் (காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள்) விடாமல் நேராக ரிட்டர்னுக்கு அனுப்பிவிடும். பிறகு, குழாய் அளவுக்கே வாங்கிப் போட்ட பெரிய கன்ட்ரோல் வால்வுகள். அவை 15, 20 சதவீதம் திறந்தாலே தேவையான தண்ணீர் எல்லாம் போய்விடும், அதற்கு மேல் திறப்பதெல்லாம் வீண். பம்ப்புக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே அழுத்த வித்தியாசம் அதிகம். வால்வைத் திருப்பும் ஆக்சுவேட்டருக்கு அந்த அழுத்தத்தை எதிர்த்து மூடும் வலு இல்லையென்றால், பி.எம்.எஸ். (கட்டடக் கண்காணிப்புக் கணினி) திரையில் வால்வு 0 சதவீதம் என்று காட்டும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், திரையைப் பார்த்தால் தெரியாது.

ஏ.எச்.யு. ஃபேனை இரவில் நிறுத்திவிட்டு வால்வைத் திறந்தே விடுவது, கமிஷனிங் சமயத்தில் ஃபிளஷ் செய்யத் திறந்த பைபாஸை மூட மறந்தது, காயில் மேல் படிந்த தூசி, அடைத்த ஃபில்டர். இவை எல்லா வளாகத்திலும் உண்டு. இன்னொன்று, தெர்மோஸ்டாட்டை 18-இல் வைப்பது. அந்த அறை ஒருநாளும் 18-க்குப் போகப் போவதில்லை. ஆகவே வால்வு நாள் முழுக்க நூறு சதவீதம் திறந்தே கிடக்கும். ஆபரேஷன் தியேட்டருக்கே மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். சொல்வது 21 டிகிரி, 3 டிகிரி கூடக்குறைய. வெளிநோயாளி பிரிவுக்கும் கருத்தரங்க அறைக்கும் 18 எதற்கு?

புகார் வந்ததும் செகண்டரி பம்ப்பின் டி.பி. செட்பாயின்ட்டை (அது காக்க வேண்டிய அழுத்த வித்தியாசத்தை) ஏற்றுவது எல்லோரும் செய்கிற வைத்தியம். கடைசிக் கட்டடத்துக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர் போகும், உண்மைதான். ஆனால் அருகிலுள்ள கட்டடங்களின் வால்வுகளில் இன்னும் நிறையத் தண்ணீர் பீறிட்டு ரிட்டர்னைக் குளிராக்கும். டி.பி. சென்சாரைப் பிளான்ட் ரூமிலிருந்து கழற்றி, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் ஏ.எச்.யு.வின் இரு பக்கமும் மாட்டுங்கள். பிறகு குறைந்த செட்பாயின்ட்டே போதும்.

சரிசெய்யும் முன் அளக்க வேண்டும். குழாயின் மேல் டேப் போட்டு ஒட்டிய சென்சாரை நம்பக் கூடாது. 5 டிகிரி வித்தியாசத்தில் அரை டிகிரி பிழை என்றால் டன் கணக்கில் 10 சதவீதம் போய்விட்டது. குழாய்க்குள் நீட்டிய தெர்மோவெல் உறைக்குள் எண்ணெயோ தெர்மல் பேஸ்ட்டோ விட்டு, ஜோடி பொருத்திய பி.டி.-100 வெப்பநிலை சென்சார்கள் போடுங்கள். ஃப்ளோ மீட்டர் இல்லாத கட்டடங்களுக்கு வெளியே மாட்டும் அல்ட்ராசானிக் மீட்டரை வாடகைக்கு எடுத்தாலே போதும். நேரான குழாய்ப் பகுதியில், பெண்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் மாட்ட வேண்டும். அளவு சரிதானா என்று பார்க்க ஹீட் பேலன்ஸ் போடுங்கள்: எவாப்பரேட்டர் குளிர்நீரிலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரஸர் தின்ற மின்சாரமும் சேர்ந்து, கண்டென்சர் வெளியே தள்ளிய வெப்பத்துக்குச் சமமாக வர வேண்டும். சிங்கப்பூரின் பசுமைக் கட்டடத் திட்டமான கிரீன் மார்க்கின் விதி, பதிவான அளவுகளில் 80 சதவீதம் கூட்டியும் குறைத்தும் 5 சதவீதத்துக்குள் இருக்கச் சொல்கிறது. அதற்கு மேல் விலகினால் சென்சாரைச் சந்தேகியுங்கள்.

அளந்த பிறகு கட்டடவாரியாக ரிட்டர்ன் வெப்பநிலையை வரிசைப்படுத்துங்கள். ஏறக்குறைய எப்போதும் இரண்டு மூன்று கட்டடங்கள்தான் மொத்த வளாகத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கும். அங்கே பைபாஸை மூடி, ஃபேன் நின்றால் வால்வு மூடும்படி இன்டர்லாக் போட்டு, காயிலை ஃபின் மடங்காமல் கழுவி, ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்து, செட்பாயின்ட்டைப் பூட்டுங்கள். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பிறகும் தேறாத பெரிய ஏ.எச்.யு.க்களுக்கு மட்டும் பிரஷர் இன்டிபென்டன்ட் வால்வு வாங்குங்கள். அழுத்தம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் அது குறித்த ஓட்டத்துக்கு மேல் விடாது. ஆனால் அதற்குள் அழுக்கு போனால் சிக்கிக்கொள்ளும், ஆகவே பழைய குழாயை ஃபிளஷ் செய்யாமல் மாட்டாதீர்கள்.

இனி, கரண்ட் போகும் நேரம். டி.ஜி. (டீசல் ஜெனரேட்டர்) 10, 15 விநாடியில் லோடை எடுத்துவிடும். சில்லர் மறுபடி ஸ்டார்ட் ஆகி முழுக் குளிர் தர 5 முதல் 15 நிமிடம் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் குளிர்நீர்த் தொட்டி. 100 கன மீட்டர் தொட்டி, 5.5 டிகிரி வித்தியாசத்தில், கலப்பு இழப்பு போக சுமார் 160 டன்-மணி தரும். ஐ.சி.யு., தியேட்டர், சர்வர் ரூம் சேர்ந்து 200 டன் என்றால் முக்கால் மணிக்கு மேல் தாங்கும். வித்தியாசம் 3 டிகிரி என்றால் அரை மணிகூட வராது. அதே தொட்டி, அதே தண்ணீர். ஸ்டேண்ட்பை சில்லரை விழுங்கிய அதே நோய் இங்கேயும் கைவைக்கிறது.

அந்த 200 டன்னை மற்ற லோடிலிருந்து பிரிக்க முடிய வேண்டும். ஹெடரில் (கிளைகள் பிரியும் பெரிய குழாயில்) ஐசொலேஷன் வால்வு எல்லா டிராயிங்கிலும் இருக்கும். பல ஆண்டுகள் யாரும் திருப்பாத பட்டர்ஃபிளை வால்வு, வேண்டிய அன்று முழுதாக மூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் முழுக்க மூடித் திறந்து, மூடும்போது அந்தப் பக்கம் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, பதிவு செய்யுங்கள்.

வெள்ளம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் ஜெனரேட்டர்கள் நீரில் மூழ்கியதை நாம் பார்த்தோம். டி.ஜி.யை மேலே ஏற்றியதோடு திருப்திப்படும் இடங்கள் இன்னும் உண்டு. டீசல் டிரான்ஸ்பர் பம்ப்பும் சில்லர் மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் எம்.சி.சி. பேனலும் பேஸ்மென்ட்டிலேயே இருந்தால் மேலே நிற்கும் டி.ஜி. டே டேங்க் (பக்கத்திலுள்ள சின்ன டீசல் தொட்டி) தீரும் வரைதான் ஓடும். ஹூஸ்டனின் டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் 2001 புயல் மழையில் பேஸ்மென்ட் மூழ்கித் தவித்தது. அதன்பின் வெள்ளத் தடுப்புக் கதவுகள் போட்டார்கள், மத்திய பிளான்ட்டில் சொந்த மின் உற்பத்தி சேர்த்தார்கள். 2017 ஹார்வி புயலில் அந்தப் பிளான்ட் நிற்கவில்லை.

நம் ஊரில் வெள்ளத்துக்கு இணையான ஆபத்து தண்ணீர்ப் பஞ்சம். 1000 டன் முழு லோடில் கூலிங் டவரில் மணிக்குச் சுமார் 6,000 லிட்டர் ஆவியாகும். தண்ணீரில் உப்பை மூன்று மடங்கு மட்டும் செறிய விட்டு ப்ளோடவுன் செய்தால் (உப்பேறிய தண்ணீரை வெளியே விட்டால்) இன்னொரு 3,000. நாளைக்கு 12,000 லிட்டர் லாரி 18 வேண்டும். 2019 கோடையில் அது எங்கே கிடைத்தது? செறிவை ஆறு மடங்குக்குக் கொண்டுபோனால் ப்ளோடவுன் 1,200 லிட்டருக்கு இறங்கும், நாளைக்கு மூன்றரை லாரி மிச்சம். அதற்கு சாஃப்ட்னரும் ஒழுங்கான கெமிக்கல் டோசிங்கும் வேண்டும். எஸ்.டி.பி. தண்ணீரை (சுத்திகரித்த கழிவுநீரை) டவருக்கு விடுவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் யு.எஃப். (நுண்ணிய சவ்வு) வடிகட்டல் இல்லாமல், அமோனியாவையும் பாஸ்பேட்டையும் சோதிக்காமல் விட்டால் ஒன்று கண்டென்சரின் காப்பர் டியூபை அரிக்கும், மற்றது கால்சியத்தோடு சேர்ந்து படியும். கிருமிகொல்லியான பயோசைட் தவறினால் நிமோனியா தரும் லீஜியோனெல்லா பாக்டீரியா வளரும். மருத்துவமனையில் அது விளையாட்டல்ல.

துபாயில் பல கட்டடங்களுக்குக் குளிர்நீர் விற்கும் டிஸ்ட்ரிக்ட் கூலிங் நிறுவனங்கள், ரிட்டர்ன் குளிராக அனுப்பும் கட்டடத்துக்குச் சர்சார்ஜ் போடுகின்றன. அங்கே வேலை பார்க்கும் நம் டெக்னீஷியன்களுக்கு இது நன்றாகத் தெரியும். இங்கே ஒரே நிர்வாகம் என்பதால் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஏ.எம்.சி. என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் "சில்லர் ஓட வேண்டும்" என்று மட்டும் எழுதுகிறோம். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கட்டடவாரியாக ரிட்டர்ன் வெப்பநிலை, டன்னுக்கு எத்தனை கிலோவாட், ஸ்டேண்ட்பை சில்லர் மாதம் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற மூன்றையும் மாத அறிக்கையில் கட்டாயமாக்குங்கள். மூன்றாவது எண் பூஜ்யத்துக்கு அருகில் வரும்வரை புது சில்லர் கோப்பில் கையெழுத்துப் போடாதீர்கள்.