உடம்பில் செல் (எறிகணை) துண்டோடு இருப்பவர்களை எம்ஆர்ஐக்குள் விடலாமா?
வன்னியில் மனச்சோர்வு பற்றிய கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு, ஆட்களை பஸ்சில் ஏற்றிக்கொண்டுபோய் மூளையை எம்ஆர்ஐ (பலமான காந்தப்புலத்தால் எடுக்கும் படம்) எடுத்தால் சரி என்கிறது ஒரு கட்டுரை. 2009 போரில் பட்ட செல் துண்டு இன்னும் உடம்பில் கிடக்கிற சனம் இங்கே எவ்வளவு! இரும்புத் துண்டு காந்தப்புலத்தில் அசையும். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ கிட்ட என்றால் ஆபத்து. முதலில் எக்ஸ்ரே வேணும். அவர்களை விலக்கினாலோ, கூடப் பாதிக்கப்பட்டவர்களே கணக்கில் வராமல் போவார்கள்.

இதற்குப் பதிலாக உமிழ்நீரில் கோர்ட்டிசோல் (மன அழுத்தத்தோடு தொடர்புள்ள ஹோர்மோன்) பார்ப்பது லேசு (மூளைப் படத்துக்கு ஈடில்லைதான்). கண் விழித்த உடனும், 30, 45 நிமிடங்களிலும் மாதிரி எடுக்கவேணும். அதுவரை பிளேன்ரீ கூடாது, பல் துலக்கவும் கூடாது; முரசில் (ஈறில்) வரும் இரத்தம் கலந்தால் அளவு பிழைக்கும். முதல் மாதிரி 15 நிமிடம் பிந்தினாலே விழிப்பு ஏற்றம் (கண் விழித்தபின் கோர்ட்டிசோல் கூடுவது) குறைவாகத் தெரியும். இன்னொன்று: மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாக்கொத்தின் 9ஆம் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஓம்’ என்பவரை அன்றைக்கே யாரிடம் அனுப்புவது என்று முதலே ஒழுங்கு செய்யாமல் படிவத்தைக் கையில் எடுக்கவே கூடாது.