எஞ்சினுக்கு முன்னால் வைத்த பலகை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், கோலாலம்பூர் முசியம் நெகாரா (தேசிய அருங்காட்சியகம்) வெளியே நிற்கும் பழைய ரயில் எஞ்சினோடு எடுத்த படங்கள் முகநூல் முழுக்க வந்துவிடும். "அந்தக் காலம் பொற்காலம்" என்று கீழே நாலு பேர் பெருமூச்சு விட்டிருப்பார்கள். எனக்கும் ரயில் பிடிக்கும். சுங்கை சிப்புட்டில் ரயில் சடக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்? ஆனால் இப்படிக் காட்சிக்கு வைத்த எஞ்சின்களுக்கு முன்னால் ஒரு பலகை நடுகிறார்களே, அதன்மேல்தான் எனக்கு நெடுநாள் கோபம்.

கட்டிய கம்பெனி, ஊர், ஆண்டு, சக்கரங்களின் எண்ணிக்கை, எடை. பெரும்பாலும் அவ்வளவுதான். எண்பது வயது மனிதரைப் பற்றிக் கேட்டால் அவருடைய சூராட் பெரானாக்கை, அதாவது பிறப்புப் பத்திரத்தை, எடுத்து நீட்டுகிற மாதிரி இருக்கிறது. பிறந்த கதை தெரிந்துவிட்டது, சரி. அப்புறம் என்ன ஆனது?

564.36 என்ற எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பெயர் தெமர்லோ. 1946-ல் கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி கட்டியது. மலாயா ரயிலின் கடைசிப் பெரிய நீராவி வகையான 56-ஆம் வகுப்பைச் சேர்ந்தது, மூன்று சிலிண்டர். அந்த வகுப்பு எஞ்சின்களுக்கு நம் நாட்டு ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். பலகைக்கு இது போதும். எனக்கு ருசிப்பது வேறு. தெமர்லோ ஊருக்குள் ரயிலே கிடையாது, பக்கத்து மெந்தகாப்பில்தான் ஸ்டேஷன். இந்த எஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்த 1946-ல் மெந்தகாப்புக்கு வடக்கே வெகுதூரத்துக்குத் தண்டவாளமும் கிடையாது. சயாமில் மரண ரயில் பாதை போடுவதற்காக ஜப்பான்காரன் கிழக்குக்கரைப் பாதையின் பெரும் பகுதியைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டான். 1931-ல் கட்டி முடித்த அந்தப் பாதை மறுபடி முழுதாக இணைவதற்குள் 1950-கள் வந்துவிட்டன. ஒரு பெயரையும் ஒரு வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போர் வந்து நிற்கிறது. பலகை எழுதுகிறவருக்கு இது தோன்றாமல் போவதுதான் எனக்குப் புரியவில்லை.

"1946-ல் கட்டப்பட்டது" என்பதே முழு உண்மையும் இல்லை. நீராவி எஞ்சின் பட்டறைக்குப் பெரிய பழுதுக்கு வந்தால் கொதிகலனைத் தனியாகத் தூக்கிவிடுவார்கள். அது சரியாகி வரும்வரை சக்கரமும் சட்டமும் சும்மா காத்திருக்காது. தயாராக இருக்கும் வேறொரு கொதிகலனை அதன்மேல் இறக்கி வெளியே அனுப்பிவிடுவார்கள். இணைப்புத் தண்டுகளுக்கும் இதே கதி. அடுத்த முறை எங்கேயாவது ஒரு பழைய எஞ்சின் பக்கத்தில் நின்றால், சக்கரங்களைச் சேர்க்கும் தண்டின் முனையைக் குனிந்து பாருங்கள். பெயிண்டைத் தடவித் தடவி அடித்திருப்பார்கள். அதன் அடியில் விரலை ஓட்டினால் இரும்பில் குத்திய எண் தட்டுப்படலாம். சில சமயம் அது கேபினில் எழுதியிருக்கும் எண்ணாக இருக்காது, எப்போதோ உடைத்து இரும்புக்கடைக்குப் போன இன்னொரு எஞ்சினுடைய எண்ணாக இருக்கும். ஒரு எஞ்சினின் உண்மையான வரலாறு இப்படித் துண்டு துண்டாக அதன் உடம்பிலேயே இருக்கிறது. புதுப்பிக்கிறேன் என்று கிளம்பும் புண்ணியவான்கள் முதலில் அதைத்தான் தேய்த்தெடுக்கிறார்கள்.

அந்தத் துண்டுகளைக் கழற்றி மாட்டிய இடம் கோலாலம்பூரின் செந்தூல் ரயில் பட்டறை. 1900-களின் தொடக்கத்தில் எழுந்த அந்தப் பட்டறையைச் சுற்றித்தான் செந்தூல் தமிழர் வாழ்க்கையே வளர்ந்தது. பாய்லர்மேக்கர், ஃபிட்டர், மோல்டர் என்று ஒவ்வொரு வேலையிலும் நம்மாட்கள். 1945-ல் நேச நாட்டு விமானங்கள் கோலாலம்பூரின் ரயில் இடங்களைக் குறிவைத்துக் குண்டு போட்டபோது செந்தூலும் அடிபட்டது. குறி தவறிய குண்டு பழைய சிலாங்கூர் அருங்காட்சியகத்தின்மேல் விழுந்தது. அந்த இடத்தில் 1963-ல் திறந்ததுதான் இன்றைய முசியம் நெகாரா. ரயிலுக்கு வைத்த குண்டில் இடிந்த மனையில் இப்போது ரயில் எஞ்சின் காட்சிப்பொருள். இதை யாராவது அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்களேன்!

எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஈப்போ எஞ்சின் ஷெட்டில் ஃபயர்மேனாக, அதாவது எஞ்சின் அடுப்பைக் கவனிப்பவராக, இருந்தவர். கிளீனராகச் சேர்ந்து, எஞ்சினுக்கு அடியில் கிடந்து கிரீஸ் துடைத்து, அப்புறம்தான் ஃபயர்மேன். அவர் சேர்ந்த காலத்தில் பத்து ஆராங் சுரங்கத்துக் கரியெல்லாம் முடிந்துவிட்டது. 1915-ல் தொடங்கிய அந்தச் சுரங்கத்தையே 1960-ல் மூடிவிட்டார்கள். எஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறியிருந்தன. "கரி அள்ளிப் போட்டீங்களா மாமா?" என்று கேட்டால் சிரிப்பார். "நான் எங்கடா கரியக் கண்டேன், மண்ணுதான் அள்ளிப் போட்டேன்."

மண் என்றால் நிஜ மண். எண்ணெய் எரியும்போது கொதிகலனுக்குள் போகும் குழாய்களில் புகைக்கரி படிந்துவிடும். படிந்தால் சூடு ஏறாது, நீராவி குறையும். அதற்கு வைத்தியம்: ஏற்றத்தில் எஞ்சின் திணறி இழுக்கும் சமயம் பார்த்து அடுப்பு வாயில் ஒரு சட்டி மணலைக் காட்டினால், உள்ளே போகும் காற்று அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மணல் குழாய்களைச் சுரண்டிக்கொண்டு போய்ப் புகைபோக்கி வழியாகக் கன்னங்கரேலென்று கக்கும். பாடாங் ரெங்காஸ் தாண்டி தைப்பிங் போகும் மலை ஏற்றம்தான் அதற்குத் தோதான இடமாம். "லயத்துக்குப் பக்கத்துல மட்டும் போடக் கூடாதுடா. துணி காயப் போட்டிருப்பாளுங்க, அடுத்த தடவை வண்டி போனா கல்லு பறக்கும்."

கேபின் சூடு, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தை விட்டுக் கண்ணெடுக்க முடியாத பதற்றம், குகைக்குள் புகை அடைத்து ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் அவர் சொல்லுவார். பொற்காலம் என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. 1957-லேயே டீசல் எஞ்சின்கள் வந்து இறங்கிவிட்டன. டீசலுக்கு மாற்றியபோது சந்தோஷமாகப் போனாராம்.

நம் நாட்டு ரயிலின் முதல் பாதையே நம்மாட்கள் கைப்பட்டதுதான். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர், 1885 ஜூன் 1-ல் திறந்தது. ஈயம் கடலுக்குப் போக வேண்டும், வழியெல்லாம் சதுப்பு. பாதை போட சிலோனிலிருந்து பயனியர் படை ஆட்களைக் கொண்டுவந்தார்கள். போர்ட் வெல்ட் இன்று கோலா செபத்தாங். ஸ்டேஷன் போய்விட்டது, பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் ரூமி (ரோமன் எழுத்து), ஜாவி (மலாய்க்கான அரபு எழுத்து), சீனம், தமிழ் நாலும் இருக்கின்றன. வெள்ளைக்காரன் அன்பால் தமிழ் எழுதவில்லை, அதைப் படிக்கிறவர்கள் ரயிலில் ஏறினார்கள், ரயிலில் வேலை செய்தார்கள். இன்று எஞ்சின் காட்சிக்கு வைக்கும் இடங்களில் தமிழில் ஒரு வரி தேடினாலும் கிடைப்பது அபூர்வம். கேட்டால் சுற்றுப்பயணிகளுக்கு ஆங்கிலம் போதும் என்பார்கள்.

வெளிநாட்டில் பலகை ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தோக்கியோவில் யாசுக்குனி ஆலயத்தை ஒட்டிய யூஷுகான் போர் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் C56 31 என்ற ஜப்பானிய நீராவி எஞ்சின் பளபளவென்று நிற்கிறது. அந்த வகையில் 90 எஞ்சின்களை மீட்டர் அகலப் பாதைக்கு மாற்றித் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினார்கள். 31-ஆம் எண், சயாம்–பர்மா மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் திறந்தபோது ஓடிய எஞ்சின். 1979-ல் தாய்லாந்திலிருந்து மீட்டு வந்து துடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த 415 கிலோமீட்டரில் செத்தவர்களைப் பற்றி அங்கே ஒழுங்காகச் சொல்வதில்லை என்பது பழைய குற்றச்சாட்டு. அதே 90-ல் இன்னொன்றான C56 44-ம் அதே ஆண்டு ஜப்பான் திரும்பியது. ஓய்காவா ரயில்வேயில் அதற்குச் சிவப்பு வண்ணம் அடித்து, முன்னால் சிரிக்கும் முகம் ஒட்டி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட விட்டார்கள். பிள்ளைகள்மேல் எனக்கு என்ன கோபம், சந்தோஷமாக ஏறட்டும். ஆனால் அந்த வகை எஞ்சின் எந்தப் பாதையில் ஓடியது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

பேராக்கில் அந்தப் பாதை போட சயாமுக்கு ஆள் போகாத தோட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வெள்ளைக்காரக் கைதிகள் கிடக்கிறார்கள், வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த தகடுகளோடு. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போன நம்மாட்கள் பல்லாயிரம் பேர். திரும்பாதவர்களுக்குத் தகடும் இல்லை, குழி எங்கே என்பதும் தெரியாது. எஞ்சினுக்காவது எண் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடமோ கோடிக்கணக்கான வெள்ளியோ இல்லை. இன்னொரு பலகை. அந்த எஞ்சின் எந்த ஷெட்டில் இருந்தது, எதை இழுத்தது, எப்போது எண்ணெய்க்கு மாறியது, யாரெல்லாம் ஓட்டினார்கள் என்று நாலு வரி, நாலு மொழியில். அரசாங்கம் செய்யும் என்று உட்கார்ந்திருந்தால் மாமா வயதுக்காரர்கள் போய்விடுவார்கள். அவர்களுடைய சர்வீஸ் புத்தகமும் சம்பளச் சீட்டும் இன்னும் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கும். தீபாவளிக்கு வீடு கழுவும்போது மருமகள் பழைய காகிதம் என்று தூக்கிப் போடுவதற்குள் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடலாமே.

ஈப்போ, கெமாஸ், பிறை, செந்தூல், எந்த ஷெட்டாக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் எஞ்சின் வேலை பார்த்தவர் இருந்தால் கீழே எழுதுங்கள். என்ன வேலை, எந்த வருடங்கள், கூட இருந்த டிரைவர் யார். எஞ்சின் நம்பர் ஞாபகம் இருந்தால் அதையும்.