ஏப்ரன் போடாத கொலைகாரர்கள் நாங்கள்தான்

நேற்றிலிருந்து எல்லோர் சுவரிலும் அந்த வீடியோதான்: ஒரு பிள்ளைக்கு நெஞ்சு எக்ஸ்-ரே எடுக்கிறார்கள், பிள்ளையைப் பிடித்திருக்கும் அப்பா கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் போட்டிருக்கிறார், பிள்ளைக்கு அது இல்லை. படம் எடுக்கிறவர் என்னைப் போல ஒரு ரேடியோகிராபர், அவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு. "அப்பாவுக்கு ஏப்ரன், பிள்ளைக்கு இல்லை!" பகிர்ந்தவர்களில் என் நண்பர்களும் உண்டு. நன்றி.

அப்பா பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிள்ளையின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் அவர்மேல் வெளியிலிருந்து விழுகிறது. ஈயம் அதைத் தடுக்கும். பிள்ளைக்குள் சிதறுவது உள்ளுக்குள்ளேயே சிதறுகிறது. வெளியில் கட்டிய ஈயம் அதை என்ன செய்யும்? ஏப்ரன் நழுவிப் படத்துக்குள் வந்தால் திரும்ப எடுக்க வேண்டும். அளவைத் தானே தீர்மானிக்கிற மெஷினில் சென்சரை ஈயம் மறைத்தால், மெஷின் இன்னும் கூட்டி அடிக்கும். நோயாளியின் இனப்பெருக்க உறுப்புகளையும் வயிற்றிலிருக்கும் கருவையும் ஈயத்தால் மறைக்கும் வழக்கத்தை அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இலேயே விடச் சொல்லிவிட்டது.

விஷயம் ஏப்ரனில் இல்லை. கதிர் விழும் கட்டத்தை எவ்வளவு சுருக்குகிறோம், எவ்வளவு எக்ஸ்போஷர் (கதிரின் அளவு) வைக்கிறோம், ஒரே தடவையில் படம் சரியாக வருகிறதா, அதில்தான் இருக்கிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டம் பிள்ளையின் நெஞ்சோடு நிற்கிறது. அதற்கு வட்டம் போட ஒருவரும் இல்லை.

"பயம் என்று ஒன்று இருக்கிறதே" என்பீர்கள். சரி. உடம்பில் படும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம்; பெரியவர் ஒருவரின் நெஞ்சுப் படம் சுமார் 0.02 மில்லிசீவர்ட். மண், காற்று, உணவு, வானம் எல்லாவற்றிலும் இருந்து உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 முதல் 3 மில்லிசீவர்ட் வரை சும்மாவே வருகிறது. கணக்கை நீங்களே போடுங்கள். "கர்ப்பிணிக்கு?" அங்கே முதல் கேள்வி அந்தப் படம் இப்போது தேவையா என்பதுதான்.

போன மாதம் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனுக்கு இருமல். ஏப்ரன் இல்லாமல் எடுக்க விடமாட்டேன் என்று சண்டை. பையைத் திறந்தால், அதே இருமலுக்கு வேறு வேறு இடங்களில் எடுத்த நெஞ்சுப் படங்கள். புது டாக்டர், புதுச் சீட்டு, புதுப் படம். "பழசைக் காட்டினீங்களா அம்மா?" என்றேன். "அவர் கேக்கல்ல தம்பி." அதில் அவருக்குக் கோபமே இல்லை.

நாங்கள் எல்லோரும் யோக்கியரா? இல்லை. பிலிம் காலத்தில் எக்ஸ்போஷர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் கூடினால் படம் இன்னும் பளிச்சென்று வரும், ஒருவரும் ஏசமாட்டார்கள். அப்படியே அளவு மெல்ல ஏறிவிடும். படத்துக்கு எவ்வளவு கதிர் விழுந்தது என்று காட்ட, எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்று திரையில் ஒரு எண் வருகிறது. அதைப் பார்க்காதவனைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஏப்ரனைக் கேட்காதீர்கள்.

"பட்டன் அமுக்குகிறவனுக்கு இவ்வளவு வாயா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அழுகிற பிள்ளையிடம் சிங்களத்திலும் தமிழிலும் கெஞ்சி, அது மூச்சை இழுக்கிற அந்த நொடிக்குக் காத்திருந்து அமுக்குகிற பட்டன் ஐயா அது. உங்களுக்கு லிஃப்ட் பட்டன்தான் தெரியும்.

அன்பிரெண்ட் பண்ணுகிறவர்கள் தாராளமாகப் பண்ணுங்கள். அடுத்த டாக்டரிடம் போகும்போது பழைய படங்களை மட்டும் மறக்காமல் கொண்டு போங்கள்.