100 யூரோவைக் கொடுத்து 160 யூரோ கேட்ட கதை

அயர்லாந்தின் டப்ளினில் வீட்டுக்குத் தண்ணீர் பில் கிடையாது. சென்னையில் லாரிக்காரரிடம் காசை எண்ணிக் கொடுத்துப் பழகியவன் நான். இங்கே குடிவந்த புதிதில் பில் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அரசு ஒருமுறை பில் அனுப்பிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் தண்ணீருக்குக் காசு வாங்குவது நியாயமா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதை விடுங்கள். வாங்கினால் அரசாங்கத்துக்குக் கட்டுபடியாகுமா? அயர்லாந்து வாங்கிய விதத்தில் ஆகவில்லை.

2010இல் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் (ஐ.எம்.எஃப்.) கடன் வாங்கியபோது ஒப்புக்கொண்டவற்றில் தண்ணீர்க் கட்டணமும் ஒன்று. 2013இல் ஐரிஷ் வாட்டர் என்ற நிறுவனம் வந்தது. சுத்திகரித்த தண்ணீரில் கிட்டத்தட்ட பாதி கசிந்து மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. குழாய்களை மாற்றப் பெரிய கடன் வேண்டும். அந்தக் கடன் அரசின் கணக்கில் ஏறாமல் நிறுவனத்தின் கணக்கிலேயே நிற்க வேண்டுமென்றால், அது தன் செலவில் பாதிக்கு மேல் விற்பனையிலிருந்தே சம்பாதிக்க வேண்டும். இது ஐரோப்பியக் கணக்கு விதி. பில்லில் வரும் காசைவிட, கடன் தன் கணக்கில் ஏறாமல் இருப்பதுதான் அரசுக்கு முக்கியம் என்பது என் எண்ணம்.

2014 இலையுதிர் காலத்தில் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு பயந்துவிட்டது. எவ்வளவு பயன்படுத்தினாலும் பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 160 யூரோ, மற்ற வீடுகளுக்கு 260 யூரோ, அதற்கு மேல் கிடையாது என்றது. கூடவே, பெயர் பதிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் 'நீர் சேமிப்பு மானியம்' 100 யூரோ. பில் கட்டாதவருக்கும் உண்டு, சொந்தக் கிணறு வைத்திருப்பவருக்கும் உண்டு! தனியாள் வீட்டில் மிஞ்சுவது 60 யூரோ. பில் அச்சிடுவது, கால் சென்டர், நடைபாதையைத் தோண்டி மீட்டர் புதைப்பது என்று எல்லாச் செலவும் இதில்தான். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்கள்.

2015 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் முடிவைச் சொன்னது: இந்த நிறுவனம் அரசின் கணக்கில்தான் வரும். எதற்காக இத்தனை பாடுபட்டார்களோ அதுவே போயிற்று. 2016 தேர்தலுக்குப் பிறகு கட்டணம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு, கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டாமல் அடம்பிடித்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இனி எந்த அரசு பில் அனுப்பினாலும் யார் முதலில் கட்டுவார்?

அரசின் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். மீட்டர் வைத்த பிறகுதான் வீட்டு வளாகத்துக்குள்ளேயே கசியும் குழாய்கள் தெரியவந்தன. முதல் பழுதை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். இந்த லாபத்துக்கு மீட்டர் போதும், பில் தேவையில்லை.

சின்னத் தொகையாக, எல்லோருக்கும் ஒரே அளவாக வாங்குவதென்றால் வரியிலேயே எடுத்துக்கொள்வது மலிவு. வசூலிக்க ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தனி பில் என்றால் லிட்டருக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு இல்லாமல் போட வேண்டும், ஏழை வீட்டுக்குத் தனிச் சலுகை தர வேண்டும். 2017 சட்டத்தில் இதற்கு அருகில் வரும் ஒரு பகுதி இருக்கிறது: சாதாரண வீடு ஆண்டுக்கு 2,13,000 லிட்டர் வரை கட்டணமில்லை, தாண்டினால் உண்டு. கஜானா நிரம்பாதுதான். ஆனால் கசிகிற குழாயைக் கண்டும் காணாமல் இருக்கிற வீட்டுக்காரர் பிளம்பரைக் கூப்பிடுவார்.