பிரிக்கச் சொன்ன போர்வை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து (வரிசை வீட்டு) பிள்ளை ஒருத்தி போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு என் தையல் கடைக்கு வந்தாள். தையல் வகுப்புக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. பைக்குள்ளே பாதி தைத்த ஒட்டுப் போர்வை, பழந்துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது. "அக்கா, மிஸ் முழுசையும் பிரிக்கச் சொல்லிட்டாங்க, பேட்டர்னோட சேரலையாம்" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. வாங்கி விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தையலும் ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டு நேராக ஓடியிருக்கிறது. அம்மாவின் பச்சைச் சேலை, தன்னுடைய பழைய வெள்ளை யூனிபோர்ம், அண்ணனின் கோடு போட்ட சட்டை எல்லாம் இருக்கிறது. குறை என்னவென்றால் துண்டுகள் ஒரே அளவில் இல்லை, கொடுத்த தாளில் இருக்கிற கட்டம் மாதிரி இல்லை. இதற்காகவா மூன்று வார வேலையைப் பிரிப்பது? மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பேட்டர்ன் வேண்டவே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. கட்டுநாயக்காவில் ஆறு வருசம் கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தவள். ஒரு நூல் பிசகினாலும் பண்டல் திரும்பி வரும். ஆயிரம் சட்டை ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் அப்படித்தான் தைக்க வேண்டும். ஆனால் அது ஒரே ரோலில் வெட்டிய புதுத்துணி, எங்கே வெட்டினாலும் ஒரே தடிப்பு, ஒரே பலம். வீட்டில் கிடக்கிற பழந்துணி அப்படியா?

என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்களே, தகரக் கூரை லயத்தில் அது கூரை வழியாகவும் வரும். சாயந்திரம் கொழுந்து நிறுத்து, மலை இறங்கி வந்து, சோறாக்கி, நாங்கள் எல்லாரும் படுத்த பிறகு அடுப்படியில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு தைப்பார். ஆறு யார் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், 45 அங்குல அகலம், ஒரு ஆள் படுக்க அது போதும். அந்த மூன்று மடிப்பின் மேல் துண்டுகளைப் பரப்பி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துத் தையல் ஓட்டுவார். நூல் காசு கொடுத்து வாங்கினதில்லை. மாச்சாக்கின் வாய்த்தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று ஒரே நூலாகக் கழன்று வரும், மற்ற முனையைப் பிடித்தால் முடிச்சு விழுந்து நிற்கும். எந்த முனை என்று அம்மாயிக்குப் பார்த்தவுடனே தெரியும். அந்த நூலை மெழுகுதிரியில் ஒரு இழு இழுத்துத்தான் ஊசியில் கோர்ப்பார். தாத்தாவின் காக்கிக் காற்சட்டைப் பையைப் பிரிக்காமல் பையாகவே வைத்துத் தைத்திருந்தார். சின்ன வயசில் குளிர் நாளில் அதற்குள்ளே கையை விட்டுக்கொண்டுதான் நான் தூங்குவேன்.

அம்மாயி எந்தத் தாளையும் பார்த்ததில்லை, துணியைத்தான் பார்த்தார். கொழுந்துக் கூடை உரசின முதுகுப் பக்கம் சேலை நூல் நூலாகப் போயிருக்கும், கொசுவத்துக்குள்ளே மடிந்திருந்த பாகம் புதுசு மாதிரி இருக்கும். சட்டையில் முழங்கையும் காலரும் போயிருக்கும், முதுகு நன்றாக இருக்கும். நல்ல இடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் துண்டு. இப்போது தாளை எடுத்துப் பாருங்கள், ஐந்து அங்குலச் சதுரம் அறுபது வேண்டும் என்கிறது. அதைப் பழந்துணியில் தேடினால் ஒன்று நல்ல துணியில் பாதி குப்பைக்குப் போகும், இல்லை தேய்ந்த இடத்தையும் சேர்த்து வெட்ட வேண்டி வரும், அது நாலு கழுவலில் கிழியும். கடைசியில் ஹட்டனுக்குப் போய் மீட்டர் கணக்கில் புதுத்துணி வாங்குவார்கள். அம்மா சேலை பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

சரி, பேட்டர்ன் இல்லையென்றால் கணக்கும் இல்லை என்று நினைக்க வேண்டாம். தையல் விடும் ஓரத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தவறினால், ஒரு தையலில் இரண்டு துண்டின் ஓரமும் சேர்வதால், எட்டுத் தையல் தாண்டும்போதே ஒரு முழு அங்குலம் போய்விடும். புதுப் பருத்தியைக் கழுவிக் காய வைக்காமல் பழசோடு சேர்த்தால் முதல் கழுவலிலேயே அது சுருங்கி, பக்கத்துத் துண்டையும் இழுத்துக்கொள்ளும். இதையெல்லாம் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முக்கோணங்களைச் சேர்த்து நட்சத்திரம் தைக்கிற வேலைக்கு அளவு அட்டை வெட்டித்தான் ஆக வேண்டும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். முக்கோணத்தில் துணி குறுக்காக வெட்டுப்படுவதால் இழுபடும். நான் ஒருமுறை கண்ணளவில் வெட்டித் தைத்தேன், எட்டு முனையும் சேருகிற இடம் கூம்பாக எழும்பிவிட்டது, அயன் பண்ணியும் படியவில்லை. பிரித்து, அட்டையில் அளவு வெட்டி மறுபடி தைத்தேன். அங்கே பிரிக்க வேண்டியிருந்தது, பிரித்தேன். இந்தப் பிள்ளையின் போர்வை தட்டையாகப் படுத்திருக்கிறதே, இதில் எதைப் பிரிப்பது?

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டவர்களின் வாரிசுகள் வாழும் ஊர். வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த டெனிமிலும் மூட்டைத் துணியிலும் அந்தப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின, 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரையில் வந்தன. தாள் பார்க்காமல் தைப்பதை அவர்கள் 'என் வழி' என்கிறார்கள். அதற்குள்ளும் ஒரு முறை இருக்கிறது, நடுவில் ஒரு சதுரம் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பட்டை சேர்த்துக்கொண்டே போவார்கள். நம்ம பக்கத்திலேயே, கர்நாடகாவில் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி மக்கள் தைக்கிற கவந்தி என்ற ஒட்டுப் போர்வை இதற்கு நேர் எதிர், ஓரத்தில் தொடங்கிச் சுற்றி வந்து நடுவில் முடியும், மூலைகளில் துணியை மடித்துப் பூ வைப்பார்கள்.

எங்கள் அம்மாயியின் போர்வை எங்கே போனது தெரியுமா? வீட்டுக்கு வெள்ளையடித்தபோது தரையில் விரித்தார்கள், அப்புறம் நாய்க்குப் போட்டுவிட்டார்கள். நான் அப்போது கட்டுநாயக்காவில் இருந்தேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ் ஏறி வந்திருப்பேன். உங்கள் லயத்தில், உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள், ஒரு போட்டோவும் எடுங்கள். எந்தத் துண்டு யாருடையது என்று கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல இப்போது ஆள் இல்லை.

அந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டும், அதனால் மிஸ்ஸோடு சண்டை போடச் சொல்லவில்லை. வகுப்புக்குப் புதுத்துணியில் ஒரு குஷன் உறையைத் தாளில் இருக்கிற மாதிரியே தைத்துக் கொடுக்கட்டும். போர்வையை என் கடையில் வைத்திருக்கிறேன், ஒரு தையல்கூடப் பிரிக்கவில்லை. வருகிற ஞாயிறு விளிம்புப் பட்டி போட வருகிறாள். நீலத்தில் போடுவதா, அம்மா சேலையின் கரையையே கிழித்துப் போடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.