மலேசிய இந்தியர்கள் ராணுவத்தில் சேரச் சட்டத் தடையா? இல்லை

கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "மலேசிய ஆயுதப்படையில் இந்தியர்கள் சேரச் சட்டமே தடை. நம்மவர் யாரும் தலைமைக்கு வந்ததும் இல்லை." இரண்டுமே தவறு.

இனப் பாகுபாடு கூடாது என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதி. அதன் 5-ஆவது உட்பிரிவை எடுத்துப் படியுங்கள். மலாய்க்காரர்களுக்கு மட்டும் என்று அது விலக்கு அளிப்பது 1933-இல் தொடங்கிய மலாய் ரெஜிமெண்ட் என்ற காலாட்படைப் பிரிவு ஒன்றுக்குத்தான். ரெஞ்சர் காலாட்படை, கடற்படை, ஆகாயப்படை எல்லாம் எல்லா இனத்தவருக்கும் திறந்தவை. ஒரே நிலையில் பணிபுரிவோரை இனம் பாராமல் நடத்தவேண்டும் என்கிறது 136-ஆவது விதி.

தலைமை விஷயத்துக்கு வருவோம். அரச மலேசியக் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியே ஒரு தமிழர்தான்: கே. தனபாலசிங்கம். அதுவரை அந்த நாற்காலியில் வெளிநாட்டு அதிகாரிகளே இருந்தார்கள். 1967-இல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 31. 1976 வரை கடற்படையை நடத்தினார். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய வரலாறு இது.

படையில் நம்மவர் எண்ணிக்கை குறைவு என்பது உண்மை. அது பேசவேண்டிய விஷயமும்கூட. ஆனால் பொய்யான தடையைக் காட்டி, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளையை விண்ணப்பிக்காமலே வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். தகுதி விவரங்கள் ஆயுதப்படையின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளிலேயே இருக்கின்றன. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாதீர்கள்.